சித்திரக்காரனுக்கு என்ன வேண்டும்?

ஓவியம் எழுதுகிற ஒருவன் இந்தக் காலத்திலே பெயரோடு வாழ்வதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நம்மவர்களிடமிருந்து சாதாரணமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். திறமை வேண்டும் என்பது ஒன்று; அதிர்ஷ்டம் வேண்டும் என்பது மற்றொன்று. கொஞ்சம் புஸ்தகம் படித்தவர்களாக இருந்தால் மூன்றாவதாக இன்னொன்றும் சொல்லுவார்கள். பட்டினி கிடக்க வேண்டும், செத்த பிறகு உலகம் கொண்டாடும் என்பார்கள். இந்த மூன்று பதில்களும் சொல்லுகிறவருக்கு மிகவும் சௌகரியமானவை. திறமை அவனுடைய பொறுப்பு, அதிர்ஷ்டம் கடவுளுடைய பொறுப்பு, பட்டினியும் அவனுடையதே. பதில் சொல்லுகிறவர் செய்ய வேண்டிய காரியம் என்று எதுவுமே மிச்சமில்லை.

நான் நாவல் எழுதுகிறவன். சித்திரத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், பார்க்கிறவன் என்கிற யோக்கியதைதான் என்று சொல்லுவேன். தவிரவும், எழுத்தாளன் பிழைக்கிற விதத்துக்கும் சித்திரக்காரன் பிழைக்கிற விதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் பாதி விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் நாவல் ஒன்றை ஆயிரம் பேர் வாங்கலாம். ஆளுக்குச் சில நூறு ரூபாய். பிடிக்காவிட்டால் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிடலாம். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. படம் அப்படி அல்ல. ஒரு படம் ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒருவர்தான் வாங்க முடியும். வாங்குகிறவர் ஒரு மாதச் சம்பளத்தையோ, ஒரு வருஷச் சேமிப்பையோ எடுத்து வைக்கவேண்டும். வைத்த பிறகு அதை வீட்டுச் சுவரிலே மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். "இது என்ன, தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்கிற சம்பந்தியையும் சமாளிக்கவேண்டும். ஆகவே படம் வாங்குகிறவனுக்குத் தன் கண்ணின் மேல் மட்டும் நம்பிக்கை இருந்தால் போதாது. அந்தக் கண்ணுக்குப் பக்கபலமாக இன்னொரு குரலும் வேண்டியிருக்கிறது. நாவலாசிரியனுக்கு வேண்டியது பல வாசகர்கள். சித்திரக்காரனுக்கு வேண்டியது சில நம்பிக்கைக்காரர்கள். அந்தச் சிலர் எப்படிக் கிடைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பட்டினிக் கதைக்கு எல்லோரும் உதாரணம் காட்டுகிற வின்ஸென்ட் வான்காவை எடுத்துக்கொள்ளலாம். அவன் சித்திரக்காரனாக இருந்தது 1880 முதல் 1890 வரை பத்தே வருஷங்கள். அந்தப் பத்து வருஷங்களில் எண்ணெய் வர்ணப் படங்கள் மட்டும் 850க்கு மேல் எழுதினான். உயிரோடு இருந்தபோது விற்றது என்று நிச்சயமாகப் பெயர் சொல்லக்கூடிய படம், 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்குப் போன சிவப்புத் திராட்சைத் தோட்டம். இவ்வளவு நமக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள நாம் விரும்புவதில்லை.

அந்தப் பத்து வருஷமும் அவனுக்கு வர்ணமும் துணியும் சோறும் எங்கிருந்து வந்தன? தம்பி தியோ பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். தியோவுக்கு என்ன தொழில்? பாரிஸில் ஒரு பெரிய படக் கம்பெனியின் கிளைக்கு மானேஜர். படம் விற்பதுதான் அவன் உத்தியோகம். திராட்சைத் தோட்டத்தை வாங்கியது யார்? அன்னா பாஷ் என்கிற பெண். அவளும் சித்திரம் எழுதுகிறவள். வின்ஸென்டின் சிநேகிதனுக்குச் சகோதரி. அந்த 1890 ஜனவரியிலேயே ஆல்பெர் ஓரியே என்கிற இளம் விமர்சகர் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் அவனைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிவிட்டார். ஆக, அநாதையாகச் செத்தான் என்று நாம் சொல்லுகிற மனிதனுக்குப் பணம் அனுப்ப ஒருவன், படம் வாங்க ஒருத்தி, எழுதிச் சொல்ல ஒருவர் என்று மூவர் இருந்தார்கள். காலம்தான் போதவில்லை. ஜூலை மாதம் அவன் இறந்தான். ஆறு மாதத்தில் தம்பியும் இறந்தான்.

இந்த இடத்தில்தான் உலகம் தானாகவே விழித்துக்கொண்டு கொண்டாட ஆரம்பித்தது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தியோவின் மனைவி ஜோஹன்னாவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை. வீடு நிறைய யாரும் வாங்காத படங்கள். அவள் ஹாலந்துக்குத் திரும்பி, ஒரு சிற்றூரில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டு, மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டு, அந்தப் படங்களைக் கண்காட்சி கண்காட்சியாக அனுப்பினாள். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் நானூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஒரே இடத்தில் காட்டினாள். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களை வரிசைப்படுத்தி 1914இல் அச்சிட்டாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்றுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, எந்தப் படம் எங்கே போகவேண்டும் என்று பார்த்து விற்றாள். சூரியகாந்திப் படங்களில் ஒன்று லண்டனுக்குப் போனது 1924இல். அடுத்த வருஷம் அவள் இறந்தாள். முப்பத்து நாலு வருஷ உழைப்பு. உலகம் கொண்டாடிற்று என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிற காரியத்துக்குப் பின்னால் ஒரு விதவையின் முப்பத்து நாலு வருஷக் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. பட்டினியினால் வின்ஸென்ட் பெரியவனாகிவிடவில்லை. பட்டினி கிடந்து செத்து, ஜோஹன்னா கிடைக்காமல் போன சித்திரக்காரர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க யாராலும் முடியாது. அவர்களுடைய படங்கள்தான் இல்லையே!

நம் நாட்டுக்கு வருவோம். 1947இல் பம்பாயில் ஆறு இளைஞர்கள் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சூஸா, ரஸா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே. ஆரா வீட்டு வேலைக்காரராகவும் கார் துடைப்பவராகவும் இருந்தவர். ஹுசேன் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதிக்கொண்டிருந்தவர். இவர்களுக்குத் திறமை இருந்தது என்பதிலே சந்தேகமில்லை. ஆனால் பம்பாயில் அந்தச் சமயத்திலே வேறு சிலரும் இருந்தார்கள். ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த மூன்று பேர். லாங்ஹாமர் என்பவர் ஒரு பெரிய தினசரியில் சித்திர நிர்வாகி. தம் வீட்டில் இந்த இளைஞர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கற்றுக் கொடுத்தார். லேடன் என்பவர் பத்திரிகையில் அவர்களைப் பற்றி எழுதினார். ஷ்லெஸிங்கர் என்பவர் மருந்து வியாபாரி. அவர்களுடைய படங்களை வாங்கினார். ஒருவர் கற்றுத்தர, ஒருவர் எழுத, ஒருவர் வாங்க! அதற்குப் பிறகு 1952இல் ஜஹாங்கீர் கலைக்கூடம் திறந்தது. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்த கேகூ காந்தி, அந்தக் கடையிலேயே இவர்கள் படங்களை மாட்டி வைத்து விற்றார். பிற்பாடு 1963இல் கெமோல்ட் என்ற கலைக்கூடமே தொடங்கினார். விஞ்ஞானி ஹோமி பாபா தம்முடைய ஆராய்ச்சி நிலையத்தின் சுவர்களுக்கென்று படங்கள் வாங்கினார்.

ஹுசேன் 1954இல் எழுதிய கிராம யாத்திரை என்ற படம் 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் 118 கோடி ரூபாய். பத்திரிகைகளெல்லாம் இந்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. அந்தப் பணத்தில் ஒரு தம்பிடிகூட ஹுசேனுக்குப் போகவில்லை. அவர் 2011இலேயே காலமாகிவிட்டார். ஏலத் தொகையை வைத்துக்கொண்டு ஓவியனுடைய வெற்றியை அளக்கிறவர்கள், அறுவடையைப் பார்த்துவிட்டு விதை நெல்லின் விலையைச் சொல்லுகிறவர்கள் மாதிரி. அந்தப் படம் எழுதப்பட்ட வருஷத்திலேயே அதை வாங்கி எடுத்துக்கொண்டு போன ஒரு நார்வே நாட்டு டாக்டர் இருந்தாரே, அவர்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறார். அந்தக் காலத்தில் படத்தைக் கண்ணால் பார்த்து வாங்கினவர் அவர். 2025இல் வாங்கினவர் பெயரைப் பார்த்தும் வாங்கியிருக்கலாம்.

சரி, பம்பாயில் இது நடந்துகொண்டிருந்தபோது சென்னையில் என்ன நடந்தது? சென்னைக்குத்தான் பழைய பெருமை. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் இங்கே சித்திரப் பள்ளி ஆரம்பித்தது 1850இல். தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் 1957 வரை அதற்குத் தலைவராக இருந்தார். கடற்கரையிலே உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்குப் பிறகு கே. ஸி. எஸ். பணிக்கர் வந்தார். பள்ளிக்கூடம் இருந்தது, ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் வருஷம் தவறாமல் தேறி வெளியே வந்தார்கள். வெளியே வந்து எங்கே போவது? அதற்குத்தான் பதில் இல்லை. வாங்குகிறவர் இல்லை. எழுதுகிறவர் இல்லை. மாட்டி வைக்கச் சுவர் இல்லை.

சென்னை மத்தியதர வர்க்கத்துக்குக் கலையிலே அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் கைவிட்ட கலையை வக்கீல்களும் குமாஸ்தாக்களும் டாக்டர்களும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். 1928இல் மியூஸிக் அகாடமி வந்தது. தெருவுக்குத் தெரு சபா வந்தது. மார்கழி மாதத்தில் கச்சேரி, காண்டீனில் காப்பி, மறுநாள் பேப்பரில் விமர்சனம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரிலே எழுதியதைப் படிப்பதற்காகவே ஆனந்த விகடன் வாங்கினவர்கள் உண்டு. பக்க வாத்தியக்காரர் எந்த இடத்தில் தாளத்தைக் கோட்டைவிட்டார் என்று சொல்லக்கூடிய கணக்குப்பிள்ளைகள் சென்னையிலே இருந்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். ஒரு வித்வானுக்கு வேண்டிய அத்தனையும் — குரு, மேடை, காது, பேனா, கலியாணக் கச்சேரி வரும்படி — அத்தனையும் இந்த ஒரு சமூகமே செய்துகொடுத்தது. அதே மனிதர், அதே வீடு, அதே சம்பளம். அவருடைய வீட்டுக் கூடத்துச் சுவரைப் பாருங்கள். கம்பெனி காலண்டர் தொங்கும்.

காலண்டரை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. கோவில்பட்டிக் கொண்டையராஜு மாதிரிக் கை தேர்ந்தவர்களின் தெய்வப் படங்கள்தான் நம் வீடுகளிலே பூஜை செய்யப்பட்டன. மணியம் வாராவாரம் கல்கியில் போட்ட படங்கள் இல்லாமல் வந்தியத்தேவனை நாம் நினைத்துப் பார்க்கவே முடியாது. கோபுலுவின் கோட்டுக்கு ஈடாக நூறு வார்த்தை எழுதினாலும் போதாது என்பதை எழுத்தாளனாகிய நானே ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் இந்தப் படங்களையெல்லாம் கதைக்குத் துணையாகவோ சாமிக்கு உருவமாகவோதான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். கதை இல்லாமல், சாமி இல்லாமல், ஒரு கோடும் ஒரு வர்ணமும் தனியாக நின்று நம்மோடு பேசலாம் என்பது நமக்குச் சொல்லித்தரப்படவில்லை. ராகம் பாடும்போது சாகித்தியத்தைக் கேட்காத அதே மனிதர், படத்தைப் பார்த்தவுடன் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார். ஆலாபனைக்கு அர்த்தம் கேட்பாரா?

பணிக்கருக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரிந்திருந்தது. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். தகப்பனார் இறந்ததனால் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதிலே சித்திரப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். சோற்றுக்கும் சித்திரத்துக்கும் உள்ள வழக்கைப் புஸ்தகத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை. தம்மிடம் படித்து வெளியேறுகிற பிள்ளைகள் இரண்டொரு வருஷத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது உத்தியோகத்தில் ஒதுங்கிவிடுவதை அவர் பார்த்தார். பம்பாய்க்கு வாய்த்த மாதிரி மூன்று பேர் வந்து சேருவார்கள் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று தீர்மானித்தார்.

பாட்டிக் என்று ஒரு வேலை உண்டு. மெழுகை உருக்கித் துணியிலே கோலம் இழுத்துச் சாயத்தில் முக்கி எடுப்பது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சித்திரப் பயிற்சி உள்ள கை இதை அழகாகச் செய்யும். வாங்குகிறவர்களும் தயங்காமல் வாங்குவார்கள், ஏனென்றால் துணிக்கு அர்த்தம் கேட்கவேண்டியதில்லை. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கைத்தொழில் சங்கம் ஒன்று அமைத்து இப்படிப்பட்ட துணிகளைச் செய்து விற்றார்கள். வந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக எட்டுப் பத்து ஏக்கர் மணல் வாங்கினார்கள். 1966இல் முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து அங்கே சோழமண்டலம் என்ற கிராமத்தை ஆரம்பித்தார்கள். கீற்றுக் கொட்டகை. ஆரம்பத்தில் மின்சாரம் கிடையாது. பகலில் ஒரு பங்கு நேரம் வயிற்றுக்கு, மற்றது சித்திரத்துக்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வயிற்றுக்காகச் செய்கிற வேலையையும் கலைக்காகச் செய்கிற வேலையையும் அவர்கள் ஒளிவு மறைவில்லாமல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். விற்கிற படம் எழுதவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஓவியனுக்கு வந்துவிட்டால், வாங்குகிறவருடைய ரசனை அவன் தூரிகையிலே வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது. அவனுக்கே தெரியாமல் உட்கார்ந்துகொள்ளுகிறது. துணி விற்கட்டும், படம் விற்காவிட்டால் போகட்டும் என்று சொல்ல முடிந்தபோது படம் சுதந்திரம் பெற்றது. பணிக்கர் தம்முடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களை எழுத ஆரம்பித்தது 1963இல். ஜாதகக் கட்டமும் கணக்கு எண்களும் படிக்க முடியாத எழுத்துக்களும் நிரம்பிய படங்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன் இருபது வருஷங்களுக்கு மேல் அவர் நன்றாகவே எழுதி, பாராட்டும் வாங்கியிருந்தவர். கையிலிருந்த நல்ல பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்க, மாதச் சம்பளமும் ஒரு கூட்டத்தின் துணையும் அவருக்கு உதவியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தைரியம் தனியாக வளருகிற செடி அல்ல.

சோழமண்டலத்தைக் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. ஊரை விட்டு விலகிப் போனதனால் ஊரும் அவர்களை விட்டு விலகிவிட்டது. வாங்கினவர்களிலும் வந்து பார்த்தவர்களிலும் வெளிநாட்டார் அதிகம், மயிலாப்பூர் குறைவு. பாட்டிக் வேலையே சிலருடைய நேரத்தையெல்லாம் சாப்பிட்டிருக்கக்கூடும். எல்லோரையும் அந்தக் கிராமம் காப்பாற்றிவிடவும் இல்லை. திருவல்லிக்கேணியில் பிறந்த கே. ராமானுஜம் என்ற ஓவியர் அங்கே இருந்தார். திக்கித் திணறிப் பேசுகிற மனிதர். பேச வராததையெல்லாம் கோபுரங்களும் பறக்கிற மிருகங்களும் தொப்பி வைத்த ஒரு மனிதனும் நிரம்பிய கனவு நகரங்களாக மசியிலே எழுதி வைத்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். இன்று அவருடைய படங்களைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள். தனிமையிலே அவர் இருந்தபோது தமிழ் வாசகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 'நடை', 'கசடதபற' போன்ற சிறு பத்திரிகைகள்தான் ஓவியர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டன. அவற்றைப் படித்தவர்கள் சில நூறு பேர். லட்சக்கணக்கில் விற்ற பத்திரிகைகள் ஓவியரிடம் படம் வாங்கினவே தவிர, ஓவியத்தைப் பற்றி எழுத ஆள் தேடவில்லை. சங்கீதத்துக்கு ஒரு கல்கி கிடைத்த மாதிரிச் சித்திரத்துக்கு ஒருவர் கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இருந்தாலும் அந்த மணலிலே நட்டது பிழைத்தது. 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று ஒரு காட்சியகம் திறந்தார்கள். சர்க்கார் கட்டிக்கொடுத்ததல்ல, கோடீசுவரர் ஒருவர் தானம் செய்ததல்ல. மெழுகும் சாயமும் கட்டிய கிராமம். ஒரு கலைஞனுக்கு இன்னொரு கலைஞன்தான் முதல் போஷகன் என்பதற்கு நம் நாட்டிலே இதைவிட நல்ல ருசு எனக்குத் தெரியவில்லை.

இன்றைய இளைஞனுடைய நிலைமை இதைவிடச் சுலபமா, கஷ்டமா? சுலபம் என்பவர்கள் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். படத்தை எழுதி முடித்த அரை நிமிஷத்தில் உலகத்துக்கே காட்டிவிடலாம். பத்தாயிரம் பேர் பார்த்து விரலால் ஓர் இதயத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். வாஸ்தவம். ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர்கூடப் படத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றவர் அல்ல. மறுபக்கம், சித்திரக்காரன் வயிற்றுக்காக நம்பியிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சினிமாத் தட்டிகளை எழுதிய கைகளை அச்சிட்ட பிளெக்ஸ் விரட்டிவிட்டது. 2022க்குப் பிறகு, ஒரு வாக்கியத்தைச் சொன்னால் படம் போட்டுக் கொடுக்கிற இயந்திரம் எல்லோர் கையிலும் வந்துவிட்டது. கதைப் படமும் அட்டைப் படமும் அதற்குப் போக ஆரம்பித்துவிட்டன. என் நாவல் ஒன்றுக்கு அட்டைப் படம் எழுதிய ஓவியருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பதிப்பாளரிடம் ஒரு தடவை விசாரித்தேன். அட்டை மேலே பளபளப்புக் காகிதம் ஒட்டுகிறதற்கு ஆன செலவைவிடக் குறைவாக இருந்தது. இனிமேல் அதுவும் இருக்காது போலிருக்கிறது. பணிக்கரின் மாணவர்களுக்குப் பாட்டிக் இருந்தது. ஆதிமூலத்துக்கு நெசவாளர் சேவை மையத்தின் உத்தியோகமும் பத்திரிகைத் தலைப்பு எழுத்துக்களும் இருந்தன. இன்றைய இளைஞன் தனக்கொரு பாட்டிக்கைக் கண்டுபிடித்தாக வேண்டும். இயந்திரம் செய்ய முடியாததாக அது இருக்கவேண்டும்.

விஞ்ஞானிகள்கூட இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 5 லட்சம் கலைஞர்களின் கண்காட்சி விவரங்களைக் கணக்கில் போட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2018இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஆரம்பத்திலேயே பெரிய கலைக்கூடங்களில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மேலேயே இருந்துவிடுகிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்தவர்களில் மிகப் பலர் பத்து வருஷத்துக்குள் காணாமற் போய்விடுகிறார்கள். ஓரத்திலிருந்து மேலே வந்த சிலரிடம் ஒரு பொதுக் குணம் இருந்தது: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிராமல், ஆரம்ப வருஷங்களிலேயே பல இடங்களின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறமை தானே வெளியே வரும் என்று உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். கும்பகோணத்துப் பையனும் எழும்பூர்க் கலைக் கல்லூரியில் படித்து வெளியேறுகிற பெண்ணும் எந்தக் கதவை முதலில் தட்டுவது? 2012 முதல் கொச்சியில் நடக்கிற கலைத் திருவிழா ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னையின் கதவு எது?

திறமையே தேவையில்லை, விளம்பரம் போதும் என்று சொல்லுகிற இன்னொரு கட்சியும் உண்டு. சுவரில் ஒட்டிய வாழைப்பழத்தை 2024 நவம்பரில் 62 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார்களே என்கிறார்கள். கட்டெலான் என்கிற இத்தாலியக்காரர் ஒட்டிய பழம் அது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பழத்தை வேறு யார் ஒட்டியிருந்தாலும் ஏலக்காரன் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். ஒட்டியவருக்கு முப்பது வருஷப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் விலை. பெயர் வந்த பிறகு பழமும் விற்கும். பெயர் வருவதற்கு முன்னால் என்ன செய்வது என்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்; வாழைப்பழம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆகவே, என்ன வேண்டும் என்று கேட்டால் நான் இப்படிச் சொல்லுவேன். வித்வான் சாதகம் செய்கிற மாதிரித் தினமும் வேலை செய்கிற கை வேண்டும். ஐம்பது வயதிலும் புதிதாக ஆரம்பிக்கிற மனசு வேண்டும். படத்தைக் கெடுக்காமல் வயிற்றை நிரப்புகிற ஒரு தொழில் வேண்டும். பொறாமைப்பட்டாலும் பக்கத்திலேயே இருக்கிற நாலு சகாக்கள் வேண்டும். இவ்வளவும் அவன் தேடிக்கொள்ளவேண்டியவை. மிச்சம் இரண்டு இருக்கின்றன. பெயர் இல்லாத காலத்திலேயே தன் கண்ணை நம்பி வாங்குகிற ஒருவர். பார்த்ததைப் புரிகிற பாஷையிலே எழுதுகிற ஒருவர். இந்த இரண்டையும் அவனால் தேடிக்கொள்ள முடியாது. அவை நம்மிடம் இருக்கின்றன, அல்லது இல்லை.

வாங்குவது பணக்காரர்களுடைய வேலை என்று தட்டிக் கழிக்கவேண்டாம். ஷ்லெஸிங்கர் மகாராஜா அல்ல. அன்னா பாஷ் தானே தூரிகை பிடித்தவள். கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சியில் தகட்டிலே செதுக்கி அச்சிட்ட சிறு படமோ, ஒரு மசிக்கோட்டுச் சித்திரமோ, கலியாணத்துக்கு எடுக்கிற ஒரு பட்டுப்புடவையின் விலைக்குள் கிடைக்கும். ஆயுசு முழுக்கக் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குப் பளிங்குத் தரையும் தேக்குக் கதவும் தேடித் தேடி வாங்குகிறோம். சுவருக்கு மட்டும் கடையில் அச்சிட்ட நீர்வீழ்ச்சி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கத்துக்குப் போய்வாருங்கள். பணிக்கரின் படம் ஒன்றின் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அர்த்தம் கேட்கவேண்டாம். கட்டங்களையும் புரியாத எழுத்துக்களையும் தோடி ஆலாபனை கேட்கிற மாதிரி கொஞ்சம் அதன் போக்கில் போக விடுங்கள். பிடித்தால் பிடித்தது, பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லுங்கள். சண்டை போடுங்கள். சங்கீதம் நம் ஊரில் பிழைத்தது இந்தச் சண்டையினால்தான்.